ஆர்க்கிடெக்ட்ஸின் 2025 ஆல்பம்: தேங்கி நிற்பது ரிஃப்பா, ரெக்கார்டிங்கா?

கீழ்ச்சுருதி:

மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த மெட்டல்கோர் வாசிக்கிற பிரிட்டிஷ் பேண்ட் ஆர்க்கிடெக்ட்ஸோட "தி ஸ்கை, தி எர்த் அண்ட் ஆல் பிட்வீன்" (2025 பிப்ரவரி 28, எபிடாஃப் லேபிள்) பத்தி எங்க பேசினாலும் ரெண்டே பேச்சுதான் காதுல விழுது. ஒண்ணு, "பழையபடி கனமா வந்துட்டாங்க". இன்னொண்ணு, "இதெல்லாம் ஏற்கெனவே கேட்டதுதான்". எனக்கு ரெண்டுமே உண்மைன்னு படுது. குழப்பமே அங்கதான்.

'எலிஜி', 'விப்லாஷ்', 'பிளாக்ஹோல்'னு முதல் மூணு பாட்டும் அடுத்தடுத்து அடிச்சுத் தள்ளுது. பாடகர் சாம் கார்ட்டர் குரல் முழு பலத்தோட இருக்கு. 2022 ஆல்பத்துல பின்னாடி போயிருந்த கிட்டார் இதுல முன்னாடி நிக்குது. ஆனா ஆல்பம் முடிஞ்ச பிறகு கோரஸ் எல்லாம் வாயில வருது, ஒரு ரிஃப்கூட (கிட்டார்ல திரும்பத் திரும்ப வர்ற சின்ன வரி) வரமாட்டேங்குது. 2016ல வந்த "ஆல் அவர் காட்ஸ் ஹேவ் அபாண்டண்ட் அஸ்"ல இது தலைகீழ். 'கான் வித் தி விண்ட்'னு சொன்ன உடனே முதல்ல கிட்டார்தான் ஞாபகம் வரும்.

"மெட்டல்கோரே தேங்கிப்போச்சு"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லாம, எந்த இடத்துல தேங்குதுன்னு யாராவது பிரிச்சுச் சொல்ல முடியுமா? ட்யூனிங்கா, தாளமா, பாட்டோட கட்டமைப்பா, ட்ரம் சாம்பிளா (முன்னாடியே பதிஞ்சு வெச்ச ட்ரம் ஒலி), தயாரிப்பாளரா? காதால சோதிச்சுப் பார்க்க வழி இருந்தா அதையும் சொல்லுங்க. நாங்க டிராப் எஃப் ஷார்ப்ல (அடிக்கம்பியை எஃப் ஷார்ப் வரைக்கும் இறக்கின ட்யூனிங்) நாலு பாட்டு ஈபி எழுதிட்டு இருக்கோம். அதே பள்ளத்துல விழக்கூடாது, அதுக்குத்தான் கேக்குறேன்.

ரிஃப்பட்டறை:

சோதனையில இருந்தே ஆரம்பிப்போம். அல்டிமேட் வோக்கல் ரிமூவர்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல டிமக்ஸ் மாடலைத் தேர்ந்தெடுத்து பாட்டைக் கொடுத்தா குரல், ட்ரம்ஸ், பேஸ், மத்ததுன்னு நாலு துண்டாப் பிரிச்சுக் கொடுத்துடும். கிட்டாரும் சிந்தும் (சிந்தசைசர்) "மத்தது"ல சேர்ந்தே வரும், பரவாயில்ல. குரலையும் ட்ரம்ஸையும் மூடிட்டு, 12 பாட்டுல இருந்தும் வெர்ஸ் (சரணம்) பகுதியில 20 விநாடி வெட்டி, வரிசையைக் கலைச்சுப் போட்டுக் கேளுங்க. எது எந்தப் பாட்டுன்னு சொல்ல முடியுதா? அப்புறம் 2016 ஆல்பத்துக்கும் அதையே செய்ங்க. உங்களுக்குக் கிடைக்கிற விடை இங்க நாங்க சொல்ற எதையும்விட நம்பகமா இருக்கும்.

ரெண்டாவது சோதனை நேரக்கோடு. ரீப்பர்ங்கிற ரெக்கார்டிங் மென்பொருள்ல பாட்டை இழுத்துப் போட்டு மூணு இடத்துல மட்டும் மார்க்கர் வைங்க: முதல் கோரஸ் தொடங்குற இடம், ரெண்டாவது கோரஸ் முடியுற இடம், பிரேக்டவுனுக்கு (வேகம் இறங்கி கனமா அடிக்கிற பகுதி) முன்னாடி வர்ற நிறுத்தம். மொத்த நீளத்துல அது எத்தனை சதவீதம்னு கணக்குப் போடுங்க. என் காதுக்கு இந்த ஆல்பத்துல பெரும்பாலான பாட்டு ஒரே அச்சு. சீக்கிரமே முதல் கோரஸ், ரெண்டாவது கோரஸ் முடிஞ்சதும் இறக்கம், ஒரு அமைதி, பிரேக்டவுன், கடைசி கோரஸ். 2016 ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'மெமென்டோ மோரி' எட்டு நிமிஷத்துக்கு நீளும். அதுல அடுத்து என்ன வரும்னு முதல் தடவை கேக்குறவங்களால ஊகிக்க முடியாது. அந்த மாதிரி ஒரு பாட்டு இந்த ஆல்பத்துல இல்ல.

இப்ப ட்யூனிங். நான் முக்கியமா சொல்ல வந்தது இதுதான், ஏன்னா பாதிக் காரணம் வெறும் இயற்பியல். சாதாரண ட்யூனிங்ல அடிக்கம்பி 82.4 ஹெர்ட்ஸ். டிராப் எஃப் ஷார்ப்ல 46.2 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு அலை முடியவே 21.6 மில்லிவிநாடி ஆகும். 180 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 180 அடி) ஒரு பதினாறாம் மாத்திரை 83 மில்லிவிநாடிதான். அதுக்குள்ள நாலு அலைகூட முழுசா ஓடாது. சுரம் என்னன்னு காது பிடிக்கிறதுக்குள்ள அடுத்த அடி வந்துடும், கேக்குறவனுக்கு "டுக் டுக்"னு தட்டுற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். அதே வேகத்துல சாதாரண ட்யூனிங்ல ஏழு அலை கிடைக்கும், சுரம் தெளிவா விழும்.

இதனால என்ன நடக்குது? சுருதி இறங்க இறங்க வேகத்தைக் குறைக்கிறாங்க, அடிகளைக் கலைச்சு இடைவெளி விடுறாங்க, சுரம் மாத்துறதை விட்டுடுறாங்க. திறந்த கம்பி, முதல் ஃப்ரெட், எப்பவாவது ஆறாவது ஃப்ரெட். முழு ரிஃப்பும் அந்த மூணு எண்ணுக்குள்ள முடிஞ்சிடும். சுரம் போன பிறகு ரிஃப்புல மிச்சம் இருக்கிறது தாளம் மட்டும். தாளமும் எல்லாரும் போடுற அதே உடைப்புன்னா, ரிஃப்புன்னு ஒண்ணு இல்லவே இல்ல. மெல்லிசை (மெலடி) முழுக்கக் கோரஸ் தலையில ஏறிடுது. கோரஸ் மட்டும் உங்க வாயில வர்றது அதனாலதான்.

2016ல இறந்துபோன கிட்டாரிஸ்ட் டாம் சியர்ல் இருந்த காலத்துலயும் ஆர்க்கிடெக்ட்ஸ் கீழ் ட்யூனிங்லதான் வாசிச்சாங்க, அதை மறக்கக் கூடாது. ஆனா அவர் கீழ்க்கம்பி அடிகளுக்கு நடுவுல, அதே வரியிலேயே, மேல்சுரங்களைத் தூவிடுவார். அவர் விட்டுப்போன ரிஃப்பை வெச்சுக் கட்டி 2017ல வந்த 'டூம்ஸ்டே' கேளுங்க. கீழ ஒரு உடைஞ்ச தாளம், அதுக்கு நடுவுல மேல பதில். ரெண்டும் சேர்ந்துதான் ஒரு வாக்கியம். அந்தப் பாட்டு வந்த பிறகு எத்தனையோ பேண்டுகள் அந்த ஒலியைப் பிடிச்சாங்க, வாக்கியத்தைப் பிடிக்கல.

மிக்ஸ்மேசை:

ரிஃப்பட்டறை சொல்லும் ட்யூனிங் கணக்கு சரி. ஆனால் ரிஃப் நினைவில் நிற்காததற்கு ரிஃப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நல்ல ரிஃப்பையும் தட்டையாக்கிவிடும் வேலை பதிவுக்குப் பிறகு நடக்கிறது.

இன்றைய செய்முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆம்ப்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க. பிறகு 5150 வகை ஆம்ப், அல்லது அதன் ப்ளகின் (மென்பொருள் நகல்). பிறகு வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் ஐஆர் (அந்த ஸ்பீக்கரின் ஒலித்தன்மையைப் பதிந்த கோப்பு). 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டு. பாம்-மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி) அடிக்கும்போது 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை பொங்கிவருவதை அடக்க ஒரு மல்டிபேண்ட் கம்ப்ரெசர் (குறிப்பிட்ட அலைவரிசையில் மட்டும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது). ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான முடிவு. எல்லாம் சேரும்போது கையழுத்தம் காணாமல் போகிறது. மெதுவாக அடித்த அடியும் ஓங்கி அடித்த அடியும் ஒரே அளவில் வெளியே வருகின்றன.

ட்ரம்ஸில் இன்னும் மோசம். ஸ்நேர், கிக் இரண்டையும் சாம்பிளால் மாற்றி, எல்லா அடிக்கும் ஒரே அழுத்தம் கொடுத்து, கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கட்டம்) நூறு சதவீதம் ஒட்டிவிடுகிறார்கள். அந்த சாம்பிள்களும் கெட்குட் ட்ரம்ஸ், சுப்பீரியர் ட்ரம்மர் போன்ற நாலைந்து தொகுப்புகளிலிருந்துதான் வருகின்றன. வாசித்தவர் யாரென்றே கேட்பவருக்குத் தெரியாது.

பிரேக்டவுனுக்கு முன்னால் வரும் அந்த நிறுத்தம் எல்லாப் பாட்டிலும் ஏன் இருக்கிறது என்று யோசித்தீர்களா? அதற்கும் மிக்ஸில்தான் காரணம். நவீன மெட்டல் மாஸ்டர்கள் பெரும்பாலும் -6, -7 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தின் அளவை; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) அளவில் நிற்கின்றன. கோரஸிலேயே குரல் பத்து அடுக்கு, கிட்டார் இரு பக்கமும் முழு அகலம், சிந்த் மேலே. உச்ச அளவைத் தாண்டவிடாத லிமிட்டர் ஏற்கெனவே கூரையை முட்டி நிற்கிறது. பிரேக்டவுன் அதைவிடப் பெரிதாகக் கேட்க வேண்டுமென்றால் மேலே இடமே கிடையாது. அதனால் முந்தைய அரை நொடியைக் காலியாக்கி, அந்த வெறுமைக்கு எதிரே அடியைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். கூடவே ஒரு சப் டிராப் (சரிந்து இறங்கும் ஆழமான பேஸ் ஒலி). ஒரு பாட்டில் அது பிரமாதம். பன்னிரண்டு பாட்டில் அடுத்து என்ன வரும் என்று காது முன்கூட்டியே தயாராகிவிடும். ஸ்பாட்டிஃபை எப்படியும் -14க்கு இறக்கிவிடுகிறது, ஆக அந்தச் சத்தத்தால் கிடைத்த லாபமும் கையில் நிற்பதில்லை.

தயாரிப்பாளர் விஷயத்தையும் ஒதுக்க முடியாது. இந்த ஆல்பத்தை பேண்டின் ட்ரம்மர் டான் சியர்லுடன் சேர்ந்து தயாரித்தவர் ஜோர்டன் ஃபிஷ். 2012 முதல் 2023 டிசம்பர் வரை பிரிங் மீ தி ஹொரைசன் பேண்டில் இருந்தவர். வெளியே வந்தபின் பாடகி பாப்பியின் "நெகட்டிவ் ஸ்பேசஸ்" (2024), ஹவுஸ் ஆஃப் புரொடெக்‌ஷனின் "கலோர்" (2024), அடுத்து ஆர்க்கிடெக்ட்ஸ். ஹவுஸ் ஆஃப் புரொடெக்‌ஷன் இந்த ஆல்பத்தின் 'பிரெயின் டெட்' பாட்டிலும் வருகிறார்கள். குரலை நறுக்கி சிந்த் போல வாசிப்பது, கோரஸுக்குள் நுழையும் அந்த ஏற்றம், இவை அவருடைய கையெழுத்து. அருமையான கைதான். ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பேண்டுகளில் அதே கையெழுத்தைப் பார்க்கும்போது அது பேண்டின் குரலாக எப்படிக் கேட்கும்?

பழைய கேசட்:

மிக்ஸ்மேசை, கடைசிப் பத்தியோடு உடன்பட முடியவில்லை. தயாரிப்பாளர் ஒருவரே என்பதால் இசை ஒன்றாகிவிடும் என்றால் ஆர்க்கிடெக்ட்ஸின் சொந்த வரலாறே அதை மறுக்கிறது. 2014, 2016 ஆல்பங்களை ஹென்ரிக் உட்டுடன் சேர்ந்து தயாரித்தவர் ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ராம். ஸ்வீடனில் ஸ்டுடியோ ஃப்ரெட்மன் நடத்துபவர். 1995ல் ஸ்வீடிஷ் டெத் மெட்டல் பேண்ட் அட் தி கேட்ஸின் "ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்" பதிவானது அவரிடம்தான். 2008ல் பிரிங் மீ தி ஹொரைசனின் "சூசைட் சீசன்" ஆல்பமும் அவர் கையில் உருவானது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே ஆள் செய்தது என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். வந்த பேண்டுகள் தங்கள் ரிஃப்பைக் கையோடு கொண்டுவந்தன, அவர் அதைப் பதிவு செய்தார்.

தேக்கம் என்பதும் இந்த ஜானரில் புதிதல்ல. "ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்" போட்ட இரட்டைக் கிட்டார் மெல்லிசையும் ஹார்ட்கோரின் பிரேக்டவுனும் சேர்ந்து, 2002ல் கில்ஸ்விட்ச் எங்கேஜின் "அலைவ் ஆர் ஜஸ்ட் ப்ரீதிங்" வந்தது. வெர்ஸில் கத்தல், கோரஸில் பாட்டு என்ற அச்சு அதன்பின் எல்லாருக்கும் பொதுவாகிப்போனது. அந்தப் பேண்டின் ஆடம் டட்கிவிச்சே அன்எர்த்தின் "தி ஆன்கமிங் ஸ்டார்ம்" (2004), ஆல் தட் ரிமெய்ன்ஸின் "தி ஃபால் ஆஃப் ஐடியல்ஸ்" (2006) ஆல்பங்களைத் தயாரித்தார். 2006 வாக்கில் இதே புலம்பல் கேட்டது. அடுத்து ஜோயி ஸ்டர்ஜிஸ் காலம்: டெவில் வேர்ஸ் பிராடா, ஆஸ்கிங் அலெக்சாண்ட்ரியா, கிரிட்டில் ஒட்டிய ட்ரம்ஸ், டெக்னோ சிந்த். 2010ல் பெரிஃபெரி, அதன் பின்னால் ஜென்ட் (வெட்டி வெட்டி அடிக்கும் கீழ்ச்சுருதி ரிஃப் பாணி). பிறகு 'டூம்ஸ்டே' சாயல். இப்போது இந்த சிந்த்-கோரஸ் அலை. ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல ஆல்பம் வருகிறது, அதன் மேல்தோலைப் பிறர் எடுத்துக்கொள்கிறார்கள், நாலைந்து ஆண்டில் தோல் தேய்கிறது.

இந்த ஆல்பத்தில் என்னை உறுத்துவது ஒன்றே. ஆர்க்கிடெக்ட்ஸ் மற்றவர்கள் நகலெடுத்த பேண்ட். 2021ல் "ஃபார் தோஸ் தட் விஷ் டு எக்ஸிஸ்ட்" பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது பழைய ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அங்கே ஆர்க்கெஸ்ட்ரா, பித்தளை வாத்தியம், மெதுவான பாட்டு என்று நிஜமாகவே எதையோ தேடினார்கள். 2025ல் கனம் திரும்பியிருக்கிறது, தேடல் குறைந்திருக்கிறது. கனத்தைக் கேட்டு ரசிகர்கள் கொடுத்த அழுத்தத்துக்கும் இதில் பங்கு உண்டு. கனம் வேண்டும் என்று கேட்டால் கனம் கிடைக்கும். புதுமையை யாரும் கேட்கவில்லை.

ஜானர் செத்துவிடவில்லை என்பதற்கு நாக்ட் லூஸின் 2024 ஆல்பம் போதும். 10 பாட்டு, 27 நிமிடம். பாப்பி பாடிய 'சஃபோகேட்' பிரேக்டவுனில் ரெகேட்டோன் அடி வருகிறது: தகிட தகிட தக, மூன்று மூன்று இரண்டு. மெட்டல்கோர் பிரேக்டவுன் என்றால் மூன்றாம் எண்ணிக்கையில் ஸ்நேர், நாலு மாத்திரைக்கும் சைனா சிம்பல் என்று பழகிய காதுக்கு அது தடுக்கிவிழுந்தது போல் இருக்கும். இதைச் செய்ய எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை, எட்டு எண்ணிக்கையை வேறு மாதிரி உடைத்தாலே போதும். இன்னும் பின்னால் போனால் கன்வெர்ஜின் "ஜேன் டோ" (2001). அதன் தலைப்புப் பாட்டு பதினொரு நிமிடத்துக்கு மேல், கோரஸ் என்று சுட்டிக்காட்ட அதில் ஒன்றுமில்லை.

கீழ்ச்சுருதி:

அந்த 20 விநாடி சோதனையை 12 பாட்டுக்கும் செஞ்சு பார்த்துட்டேன். சரியாச் சொன்னது அஞ்சு. 2016 ஆல்பத்துக்கு 11ல ஒன்பது. இந்த இடைவெளியை நான் எதிர்பார்க்கல. ஆனா பழைய ஆல்பத்தை அதிகமாக் கேட்டிருக்கேன், அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

சரி, எழுதுற மேசைக்கு வருவோம். டிராப் எஃப் ஷார்ப்பை விட்டுடணுமா? விடாமலே சுரத்தை மீட்க வழி இருக்கா?

ரிஃப்பட்டறை:

விட வேணாம். எழுதுற வரிசையை மாத்துங்க. இப்ப எல்லாரும் செய்றது, லேப்டாப்புல ரெடிமேட் ட்ரம் பேட்டர்ன், அது மேல கிட்டார் அடி, பகுதிகளை வெட்டி ஒட்டிப் பாட்டை முடிக்கிறது, கடைசியா குரல். ட்ரம்ஸ் நாலு பார் கட்டத்துல இருக்கிறதால ரிஃப்பும் நாலு பார்ல முடியும். ரிஃப் முன்னாடியே சுரம் இல்லாம நிக்கிறதால, குரல் வந்தா மெல்லிசை முழுக்க அங்க போயிடும். கருவி தர்ற கட்டத்துக்குள்ளயே பாட்டு முடிஞ்சிடுது.

அதுக்குப் பதிலா டிஸ்டார்ஷன் இல்லாம, ஆம்ப்பை க்ளீன்ல வெச்சு, மெட்ரோனோம் மட்டும் ஓடவிட்டு ரிஃப் எழுதுங்க. டிஸ்டார்ஷன் போட்டா திறந்த கம்பியை ஒரு தட்டு தட்டினாலே திருப்தியா இருக்கும். க்ளீன்ல அந்த ஏமாத்து வேலை நடக்காது, வெறும் தட்டல் வெறும் தட்டலாவே கேக்கும். ரெண்டு பார்ல 32 பதினாறாம் மாத்திரை இருக்கு. அதுல திறந்த கம்பி எத்தனை, இடைவெளி எத்தனை, வேற சுரம் எத்தனைன்னு காகிதத்துல எண்ணுங்க. வேற சுரம் நாலுக்குக் கீழ இருந்தா அந்த ரிஃப்பை வாயால பாட முடியாது. கீழ்க்கம்பியில வேகமா சுரம் மாத்தினா குழம்பும்னு முன்னாடியே சொன்னேன், அதனால மாத்துற சுரம் மூணாவது, நாலாவது கம்பியில இருக்கட்டும். கீழ அடி, மேல பதில்.

பேஸைப் பத்தி யாருமே பேசல, எனக்கு இதுல ரொம்ப ஆதங்கம். 46 ஹெர்ட்ஸ்ங்கிறது பேஸ் கிட்டாரோட இடம். சாதாரண பேஸோட அடிக்கம்பியே 41.2தான். கிட்டார் அங்க இறங்கினதும் பேஸ் ஒரு எட்டுச்சுரம் கீழ போகணும்னா 23 ஹெர்ட்ஸ், மனுஷக் காதோட விளிம்பு. அதனால பேஸ் கிட்டாரோட ஒரே சுரத்துல ஒட்டிக்கிட்டு, தனிக் குரலா இல்லாமப் போயிடுது. ஒரு வாத்தியத்தையே இழந்துட்டு ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு கேட்டா எப்படி?

மீட்க ஒரு வழி. பாட்டுல ஒரு பகுதியிலயாவது கிட்டார் எஃப் ஷார்ப் பவர் கார்டை ஒரு எட்டுச்சுரம் மேல வாசிக்கட்டும். அதாவது எஃப் ஷார்ப்பும் சி ஷார்ப்பும். அதை மாத்தாம வெச்சுக்கிட்டு, ஐந்து கம்பி பேஸ்ல கீழ எஃப் ஷார்ப் வாசிச்சா இருட்டா, வெறுமையா இருக்கும். பேஸ் டி போனா அதே கிட்டார் டி மேஜர் செவன்த் மாதிரி திறந்துக்கும். பேஸ் பி போனா அந்தரத்துல தொங்குற சஸ் டூ கார்டு. கிட்டார் கை அசையல, நிறம் மூணு தடவை மாறிடுச்சு. ரெண்டு பாருக்கு ஒரு தடவை மாத்திப் பாருங்க, குரல் இல்லாமலே பாட்டு நகரும்.

தாளத்துக்கு பழைய கேசட் காட்டின வழியை இன்னும் நீட்டலாம். கொன்னக்கோல் தெரிஞ்சவங்களுக்கு இது கைவசம் இருக்கிற சமாசாரம். கிட்டாரும் கிக்கும் "தகிட தகதிமி"ன்னு ஏழு ஏழா நாலு தடவை போகட்டும், 28 ஆச்சு. மீதி நாலுக்கு ஒரு தகதிமி போட்டா 32, ரெண்டு பார் முடிஞ்சு சமத்துல (தாளத்தோட முதல் அடி) விழும். ஸ்நேர் மட்டும் மூணாவது எண்ணிக்கையை விடாமப் பிடிச்சுக்கணும், அது நகர்ந்தா கேக்குறவன் தலையாட்ட முடியாம நின்னுடுவான். ஸ்வீடிஷ் மெட்டல் பேண்ட் மெஷுகாவோட வழி இதுதான். அந்தக் கடைசி தகதிமியை எடுத்துட்டு அடுத்த சுற்றை அப்படியே ஓடவிட்டா இன்னும் நல்லது, சமம் எட்டு பார் கழிச்சுத்தான் தட்டும். 128ல 18 ஏழு போனா 126, ரெண்டு மாத்திரை மிஞ்சும். அங்க ஒரு "தக" வெச்சு முடிங்க. முன்னாடி நிறுத்தம் எதுவும் தேவைப்படாது. ஆள் சமத்துக்காகக் காத்திருப்பான், வந்து விழுறப்போ அதுவே பெருசாக் கேக்கும்.

கட்டமைப்புல ஒண்ணே ஒண்ணு: நாலு பாட்டுல ஒண்ணையாவது கோரஸ்ல முடிக்காதீங்க.

மிக்ஸ்மேசை:

நோர்ட்ஸ்ட்ராம் எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன், பழைய கேசட். நல்ல பதில். தயாரிப்பாளர் பாட்டு எழுதும் அறைக்குள் இருக்கிறாரா, பதிவு அறையில் மட்டும் இருக்கிறாரா என்பதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கீழ்ச்சுருதி, பதிவுக்குப் போகும்போது நாலு விஷயம் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸைத் திருத்தும்போது கிட்டாரோடு சேர்ந்து விழும் கிக்குகளை மட்டும் கிரிட்டில் ஒட்டுங்கள். ஸ்நேரை 60 சதவீதத்துக்கு மேல் இழுக்காதீர்கள், 5 முதல் 10 மில்லிவிநாடி பின்னால் விழுந்தால் அப்படியே விடுங்கள், அடி கனமாகவே கேட்கும். சாம்பிள் சேர்த்தாலும் மைக்கில் பதிந்த ஸ்நேர் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். இடையில் வரும் மெல்லிய கோஸ்ட் அடிகளில் சாம்பிள் விழவே கூடாது, விழுந்தால் அவை ஓங்கிய அடிகளாகிவிடும்.

பேஸை இரண்டாகப் பிரியுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக, மேலே நன்றாக டிஸ்டார்ட் செய்து. பேஸ் வேறு சுரம் வாசிக்கும் பகுதியில் அந்த மேல் பாதியை 2 டெசிபல் ஏற்றினால்தான் சின்ன ஸ்பீக்கரில் மாற்றம் காதில் விழும்.

கிட்டாரில் மல்டிபேண்ட் கம்ப்ரெசரை 3 டெசிபலுக்கு மேல் அமுக்க விடாதீர்கள். மாஸ்டரை -9 அளவில் நிறுத்தி, கோரஸை ஒன்றரை டெசிபல் இறக்கி, அதில் கிட்டார் அகலத்தை எழுபது சதவீதத்துக்குச் சுருக்குங்கள். அடுத்து வரும் பிரேக்டவுன் முழு அகலத்தில் திறக்கும்போது நிறுத்தமும் சப் டிராப்பும் இல்லாமலே அறை பெரிதாகும்.

கீழ்ச்சுருதி:

ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. இப்ப 25.5 அங்குல ஸ்கேல் கிட்டார்ல 56 கம்பி (0.056 அங்குலத் தடிமன்) போட்டு எஃப் ஷார்ப்புக்கு இறக்கியிருக்கோம். பிக் பட்டதும் சுருதி ஏறி இறங்குது. பேரிட்டோன் (கம்பி நீளம் கூடின கிட்டார்) வாங்கித்தான் ஆகணுமா?

ரிஃப்பட்டறை:

56ல அது அடங்காது. அந்தச் சுருதியில இழுவிசை சுமார் 3.8 கிலோதான் வரும். சாதாரண ட்யூனிங்ல 46 கம்பி 8 கிலோ இழுக்கும், அதுல பாதிகூட இல்ல. தளர்ந்த கம்பியை ஓங்கி அடிச்சா அந்த நொடி இழுவை கூடி சுருதி மேல ஏறும், பிறகு கீழ வந்து உட்காரும். க்ளீன்ல டியூனர் வெச்சுப் பார்த்தா கண்ணுக்கே தெரியும். டிஸ்டார்ஷன்ல ரெண்டு டிராக் சேர்ந்தா அது உறுமலா மாறிடும்.

74 கம்பி போடுங்க. 25.5லயே 6.6 கிலோ கிடைக்கும், 27 அங்குல பேரிட்டோன்ல 7.4. பேரிட்டோன் இருந்தா நல்லது, கட்டாயம் இல்ல. ஆனா மூணு வேலை இருக்கு. 46க்கு வெட்டின நட் (கழுத்து நுனியில கம்பி உட்காருற பட்டை) பள்ளத்துல 74 உட்காராது, மேலேயே நிக்கும். நட் அரத்தால கொஞ்சம் கொஞ்சமா அகலப்படுத்தணும், ஆழப்படுத்திடக் கூடாது. ட்யூனர் ஓட்டையில கம்பி நுழையுதான்னு வாங்குறதுக்கு முன்னாடியே பாருங்க. கடைசியா இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கிறது): 12வது ஃப்ரெட் சுரம் ஏறியே இருக்கும், பிரிட்ஜ்ல கம்பியைத் தாங்குற சேடிலைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போகணும். இடம் போதலேன்னா அந்த ஒரு சேடில் ஸ்க்ரூல இருக்கிற ஸ்பிரிங்கைக் கழட்டிட்டா இன்னும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் கிடைக்கும். கழுத்து முன்பக்கம் வளையுதான்னு ஒரு நாள் விட்டுப் பார்த்து, தேவைப்பட்டா கழுத்துக்குள்ள இருக்கிற ட்ரஸ் ராடை கால் சுற்று இறுக்குங்க. ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் இதைச் செய்யாதீங்க, கம்பி இழுபட்டு நிலைக்க ரெண்டு நாளாவது ஆகும்.